பிரதிநிதி இல்லாத குழாய்

நெருப்பைக் கண்டுபிடித்தது யார் என்று தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது யார் என்றும் தெரியாது. ஆனால் ஒன்றுமே இல்லாததை ஒரு ரப்பர் குழாய்க்குள் அடைத்து, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சேதாரமில்லாமல் கொண்டுசேர்க்கும் மகத்தான கலையை முழுமைப்படுத்தியவர்கள் யார் என்று வரலாறு கேட்டால், நான் தயங்காமல் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தைக் கைகாட்டுவேன். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் அது இருக்கிறது. ஆகவே நான் சொல்வது கேள்விப்பட்டதல்ல, கண்ணால் கண்டது. கண்ணால் காணாத இடங்களில் எதிர்வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரரின் மனைவி சொன்னது. அது கண்ணால் கண்டதைவிட விரிவாகவே இருக்கும்.

கீழ்வீட்டுக்காரரை நாங்கள் 'ரேஸ்' என்போம். அவரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்புரேட்டர் வைத்த காலத்துக் கார். யாரோ ஒரு நல்ல மனிதர் மெதுவாக ஓட்டி, துடைத்து, மூடி வைத்திருந்த சாதுவான வண்டி. அதை வாங்கி வந்த முதல் மாதமே ரேஸ் அதன் கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு அகலமான இன்னொன்றை வைத்தார். பக்கவாட்டில் இரண்டு வெள்ளைப் பட்டை அடித்தார். பின்னால் ஒரு தகரச் சிறகு வைத்தார். அந்தக் கார் இதுவரை எட்டிய அதிகபட்ச வேகம், ஒரு சரக்கு வண்டி கயிறு கட்டி அதை இழுத்துவந்தபோது எட்டியது.

சிக்கல் என்னவென்றால், எஞ்சின் மூச்சை இழுக்கும்போது உள்ளே ஓர் உறிஞ்சல் உண்டாகுமாம். அந்த உறிஞ்சலைச் சின்னச் சின்ன ரப்பர் குழாய்கள் வழியாக வண்டியின் மற்ற உறுப்புகளுக்கும் பங்குவைப்பார்களாம். பழைய கார்புரேட்டரில் அதற்கெல்லாம் வாய் இருந்தது. புதியதில் பாதிக்குமேல் இல்லை. ஆகவே குழாய்கள் அநாதைகளாயின. ஒன்றின் வாயில் பேனா மூடி செருகியிருந்தது. ஒன்றில் திருகாணி. இவ்வளவுக்கும் மேலே எங்கோ ஓர் ஓட்டை. நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டால் வண்டி இருமியது, தும்மியது, 'உஸ்ஸ்' என்று பாம்பு போலச் சீறியது, பிறகு உயிரை விட்டது.

இது எத்தனை வருடம் வேண்டுமானாலும் இப்படியே நடந்திருக்கும். ரேஸுக்கு அந்தக் காரை ஓட்டுவதில் பெரிய ஆர்வம் கிடையாது. திறந்து பார்ப்பதில்தான் ஆர்வம். ஆனால் அவர் மனைவிக்கு வேலை கிடைத்துவிட்டது.

அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இரத்தப் பரிசோதனை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருந்தாள். இப்போது மலைச்சரிவுக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனையில் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் எடுத்தார்கள். இவளை எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கூடத்தில் இருக்க வேண்டும். முதல் நாளே தாமதமென்றால் வரிசையில் அடுத்து நிற்பவளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியே அனுப்பினார்கள். அந்தப் பக்கம் போகும் முதல் பஸ்ஸே எட்டரைக்குத்தான்.

என் வீட்டு வாசலில் நின்று அவள் அதைச் சொன்னபோது முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"அக்கா, வெள்ளைக் கோட்டு தச்சு வெச்சிருக்கேன். வண்டி மட்டும் ஓடிட்டா போதும்."

"மெக்கானிக்கிட்ட விட வேண்டியதுதானே?"

"விட்டோம் அக்கா. பானெட்டைத் தூக்கிப் பாத்துட்டு, 'இதுல மொதல்ல யார் கை வெச்சது?'ன்னு கேட்டார். இவருக்குக் கோபம் வந்து தள்ளிக்கிட்டே வந்துட்டார்."

மானமுள்ள மனிதர் வேறென்ன செய்வார்? அன்று மாலையே 'வெற்றிடக் குழாய் சீரமைப்பு உயர்மட்டக் குழு' பிறந்தது.

குழுவுக்குத் தலைவர், மாடிவீட்டு வங்கியார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெற்றிடத்தை நிர்வகிப்பதில் அவருக்கு இருந்த அனுபவம் யாருக்கும் இல்லை. தொழில்நுட்ப ஆலோசகர், ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற எதிர்வீட்டுக்காரர். "வேக்யூம்னாலே நான்தான் சார். ஃபிரிட்ஜ்ல இழுக்காத வேக்யூமா?" என்று உறிஞ்சலின் அளவை முள்ளால் காட்டும் தன் கேஜைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். மூன்றாமவன் வீடியோ தம்பி. கணினி வேலை. உலகத்தில் எந்தக் காரியத்தைப் பற்றியும் யாரோ ஒருவர் எடுத்த காணொளியை அவன் பார்த்திருப்பான், பாதிவரை. நான்காமவர் ரேஸ். வண்டி ஓட்டப்போகிறவளைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தேநீர் போட ஒருத்தர் வேண்டாமா?

முதல் கூட்டத்தில் பானெட் திறக்கப்பட்டது. நால்வரும் குனிந்தார்கள். அவ்வளவு அறிவு ஒரே இடத்தில் குனிந்திருப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஒரு குழாய் எஞ்சினின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, பேட்டரியைச் சுற்றி, விளக்குக்குப் பின்னால் நுழைந்து, மறுபடியும் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்திருந்தது. அதை விரலால் தொட்டுத் தொடர்ந்து போன வங்கியாருக்குக் கண் கலங்கியது.

"எங்க ஹெட் ஆபீஸ்ல ஃபைல் இப்படித்தான் போகும்," என்றார்.

"அதை எடுத்துடலாமா சார்?" என்றான் வீடியோ தம்பி.

"எடுக்கறதா? இத்தனை வருஷமா யாருக்கும் தொந்தரவு இல்லாம இருந்திருக்கு. இந்தக் குழாய்க்கு நானே பொறுப்பு."

அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் குழுவின் புகழ்பெற்ற நிர்வாக முறை உருவானது: குழாய்க்கு ஒரு பொறுப்பாளர். வங்கியாரின் சுற்றுக் குழாய்க்குச் சிவப்பு டேப் ஒட்டினார்கள். தீப்பொறியின் நேரத்தைக் கவனிக்கும் குழாய் வீடியோ தம்பிக்கு, மஞ்சள். பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் குழாய் ஃபிரிட்ஜ்காரருக்கு, பச்சை. எஞ்சினின் வயிற்றுப் புகையை இழுக்கும் குழாய் ரேஸுக்கு, நீலம். அத்துடன் டேப்பும் தீர்ந்தது, ஆளும் தீர்ந்தது. கட்டைவிரல் தடிமனில் பின்சுவரை நோக்கிப் போன ஐந்தாவது குழாய்க்கு நிறமும் இல்லை, நாதியும் இல்லை.

அதன் பிறகு அவரவர் குழாயை அவரவர் கவனித்த அழகைச் சொல்லி முடியாது. வங்கியார் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போது சிவப்பை ஒருமுறை துடைத்துவிட்டுப் போவார். வீடியோ தம்பி பழைய மஞ்சளைக் கழற்றி, அலுவலகத்திலிருந்தே விசாரித்துப் புதுக் குழாய் வரவழைத்துப் போட்டான். ஃபிரிட்ஜ்காரர் பச்சைக்கு இரண்டு முனையிலும் செம்பு வளையம் மாட்டினார். ரேஸ் நீலத்துக்கு மேல் பின்னல் உறை போட்டார். ஆளுக்கொரு குழாய்த் துண்டைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரி எஞ்சினின் மூச்சைக் கேட்டார்கள். வண்டி மட்டும் முன்போலவே இருமிக்கொண்டிருந்தது.

"என்னங்க, இன்னும் சீறுதே?" என்று தங்கச்சி தேநீர்த் தட்டோடு வந்து கேட்பாள்.

"சீறத்தான் செய்யும். ஆய்வு நடக்குதில்ல?"

"திங்கட்கிழமைக்குள்ள..."

"உனக்கு வேலைக்குப் போற அவசரம். எங்களுக்கு வேலையை ஒழுங்கா செய்யணும்கிற அக்கறை. ரெண்டையும் குழப்பாதே."

இந்தப் பதிலைப் பாராட்டி வங்கியார் தலையசைத்தார்.

சனிக்கிழமை மாலை ஓட்டையைக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவானது. அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டத்தின்போது பார்த்து நான் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போய்விட்டேன். என் வாழ்நாளில் ஏற்பட்ட பெரிய இழப்பு அது. அங்கே நடந்ததை ஃபிரிட்ஜ்காரரின் மனைவி எனக்குச் சொன்னபோது திங்கட்கிழமை கழிந்துவிட்டிருந்தது. அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

கேஜ் மாட்டப்பட்டது. முள் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு குழாயாகக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். எதைக் கிள்ளும்போது முள் நிற்கிறதோ அந்த வழியில்தான் ஓட்டை என்றான் வீடியோ தம்பி. அது சரியான யோசனைதான். காணொளியின் முதல் பாதியிலேயே வந்துவிட்டது போலிருக்கிறது.

"அப்போ முதல்ல சிவப்பைக் கிள்ளலாம்."

"ஏன், உன் மஞ்சளைக் கிள்ளினா வலிக்குமா?"

"மஞ்சள் புத்தம் புதுசு சார்."

"புதுசுல ஓட்டை இருக்காதா? உங்க வீட்டு வாஷிங் மெஷினும்தான் புதுசு. வந்த அன்னிக்கே யாரைக் கூப்பிட்டே?" என்றார் ஃபிரிட்ஜ்காரர்.

"அண்ணா, நீங்க வந்து பாத்த பிறகுதான் அது முழுசா நின்னுது."

"என் பச்சையைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. செம்பு போட்டிருக்கேன், செம்பு!"

"நீலம் என் வீட்டுக் குழாய்," என்றார் ரேஸ். "என் வண்டியில என் குழாயையே சந்தேகப்படறீங்களா?"

நான்கு பேரும் அவரவர் குழாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்களாம். ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லாமல் பிரச்சினையைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. நால்வரின் பார்வையும் மெல்ல நகர்ந்து, பிரதிநிதி இல்லாத ஐந்தாவது குழாயின்மேல் விழுந்தது. ஃபிரிட்ஜ்காரர் குறட்டால் அதை மடக்கிப் பிடித்தார்.

முள் நின்றது. சீறல் நின்றது. எஞ்சின் பட்டுப்போல் ஓடியது.

வீடியோ தம்பி எட்டிப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"அண்ணா, இது பிரேக் பூஸ்டருக்குப் போற லைன். காலால மிதிக்கிற பலத்தைப் பெருக்கிக் குடுக்கிறது. அந்த டப்பாக்குள்ள சவ்வு கிழிஞ்சிருக்கும்."

"பிரேக்கா, பூஸ்டரா? தெளிவா சொல்லுப்பா," என்றார் வங்கியார்.

"பூஸ்டர்தான் சார்."

"பிரேக் தனியா இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆனா..."

"'ஆனா'வை அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்."

"இந்த மாடலுக்கு அந்த டப்பா கிடைக்கவே மாசக்கணக்காகும்," என்றார் ரேஸ். "மெக்கானிக்கிட்டதான் கேக்கணும்."

மெக்கானிக் என்ற சொல் விழுந்ததும் கூட்டத்தில் ஒரு கசப்பு பரவியது.

"யார் ஓட்டப்போறா?" என்று கேட்டார் ஃபிரிட்ஜ்காரர்.

"அவதான்."

"நீங்க இல்லையே?"

"நான் ஓட்டினா ஸ்பீடு இருக்கும். யோசிக்கணும். அவ மெதுவாத்தான் போவா."

"மெதுவா போறவங்களுக்குப் பெருக்கின பிரேக் எதுக்கு?" என்றார் வங்கியார். "ஊக்கம்கிறது உள்ளேயிருந்து வரணும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குழாய் பிடுங்கப்பட்டது. அது இருந்த வாயில், நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் மூடி ஒன்று மாட்டி வளையம் போட்டு இறுக்கப்பட்டது. நால்வரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெள்ளோட்டம். இதை நான் ஜன்னலில் நின்று முழுதாகப் பார்த்தேன். வெள்ளோட்டம் என்றால் வண்டி நகர வேண்டும் என்று நினைப்பவர்கள் பாமரர்கள். எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டின்மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தார்கள். தண்ணீர் ஆடவில்லை. எங்கள் குடியிருப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். அவ்வளவு இதமாக ஓடியது அது.

தங்கச்சி கைதட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஓட்டிப் பாத்தீங்களா?"

"இதை ஓட்டி வேற பாக்கணுமா? டம்ளரைப் பாரு!"

"நான் டம்ளரை ஓட்டப் போறதில்லையே."

ரேஸ் சிரித்தார். மற்ற மூவரும் சிரித்தார்கள். பிறகு அவர், போகிற போக்கில் உப்புப் போட மறந்ததைச் சொல்வதுபோல, "பிரேக் மட்டும் கொஞ்சம் கெட்டியா இருக்கும். புது செட்டிங். அழுத்தி மிதி," என்றார்.

"எவ்வளவு அழுத்தி?"

"அழுத்தித்தான்."

வங்கியார் டம்ளரை எடுத்து அந்தத் தண்ணீரைக் குடித்துக் கூட்டத்தை முடித்துவைத்தார்.

திங்கட்கிழமை காலையில் தங்கச்சி வெள்ளைக் கோட்டை மடித்துப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். எங்கள் தெரு முதலில் சமதளம். வீட்டுக் கட்டடங்கள் முடிந்ததும் ஒரே இறக்கம். இறக்கத்தின் அடியில் வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் போகும் பெரிய சாலை. சமதளத்தில் வண்டி தேர்போல் போயிற்று. குழு வாசலில் நின்று பெருமிதத்தோடு பார்த்தது. கார் இறக்கத்தில் தலைசாய்ந்து கண்ணிலிருந்து மறைந்தது.

பிறகு ஒரு நீண்ட ஹார்ன் சத்தம். நிற்கவே இல்லை. அப்புறம் 'பொத்'தென்று ஒன்று.

நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். ஒரு காலில் என் செருப்பு, ஒரு காலில் என் வீட்டுக்காரர் செருப்பு. கார், பெரிய சாலைக்குக் கொஞ்சம் முன்னால், யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைப் புதைத்து நின்றது. கைப்பிரேக் மேலே இழுக்கப்பட்டிருந்தது. தங்கச்சி இரண்டு காலையும் பெடலின்மேல் ஊன்றியபடியே உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளிப் பெரிய சாலையில் ஒரு லாரி, ஒரு பஸ், இன்னொரு லாரி என்று போய்க்கொண்டே இருந்தன.

குழு மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. ஃபிரிட்ஜ்காரர் எல்லோரையும் கையமர்த்தினார்.

"ஷ்ஷ்... கேளுங்க. எஞ்சினைக் கேளுங்க."

மணலில் புதைந்தும் எஞ்சின் பட்டுப்போல் ஓடிக்கொண்டிருந்தது.

"நிக்கவே இல்லை பாருங்க!" என்றார் ரேஸ், தழுதழுத்த குரலில்.

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள் தங்கச்சி. கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு. ஏறி நின்னு மிதிச்சேன். ஏங்க?"

"அழுத்தி மிதின்னு சொன்னேனே!"

"ஏன் அழுத்தணும்னு சொல்லலியே."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று வங்கியார் காற்றிடம் சொன்னார்.

தங்கச்சி அவரைப் பார்த்தாள். கத்தவில்லை. பரிசோதனைக்கு வந்தவரிடம் கையை நீட்டச் சொல்வதுபோல அவ்வளவு சாந்தமாகப் பேசினாள்.

"சரி சார், எனக்குத்தான் ஓட்டத் தெரியலை. வண்டி நல்லாத்தானே இருக்கு? எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. பின்னாடி எடுத்து, மேலேயிருந்து மறுபடி வர்றேன். எல்லாரும் ஏறுங்க. கூட உக்காந்து எப்படி மிதிக்கணும்னு சொல்லிக்குடுங்க."

குழு அசையவில்லை.

"ஏறுங்க சார்."

"எனக்கு இந்த நேரத்துல பிரஷர் மாத்திரை போடணும்மா," என்றார் வங்கியார்.

"எனக்கு ஒரு மீட்டிங் அக்கா," என்றான் வீடியோ தம்பி, ஓர் அடி பின்வாங்கி.

"ஒரு வீட்ல ஃபிரிட்ஜ் நின்னுபோச்சு. பால் கெட்டுடும்," என்றார் ஃபிரிட்ஜ்காரர். பால் கெடுவதைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

தங்கச்சி கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது வாங்க. உங்க வண்டி. ரேஸ் வண்டி."

ரேஸ் காரைப் பார்த்தார். இறக்கத்தைப் பார்த்தார். பெரிய சாலையில் போன லாரியைப் பார்த்தார்.

"அதில்லம்மா... ரெண்டு பேர் ஏறினா வெயிட் கூடும். வெயிட் கூடினா நிக்காது."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வங்கியார் மணலை ஆராயத் தொடங்கினார்.

தங்கச்சி மறுபடி காருக்குள் குனிந்தாள். பக்கத்து இருக்கையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து உதறினாள். நொண்டிக்கொண்டே சாலை ஓரத்துக்குப் போய்க் கையைக் காட்டினாள். ஒரு பால் வேன் நின்றது.

"அண்ணா, மருத்துவமனைப் பக்கமா போறீங்க?"

"ஏறும்மா."

ஏறும் முன் ஒரு காலைப் படியில் வைத்து நின்றாள். "பிரேக் இருக்கா அண்ணா?"

"இருக்கும்மா. ஏன் கேக்கறே?"

"சும்மா."

எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். முதல் நாளே நொண்டிக்கொண்டு வந்தவளை முதலில் உட்காரவைத்து முழங்காலுக்குக் கட்டுப் போட்டார்களாம். இப்போதும் அந்தப் பால் வேனில்தான் போய்வருகிறாள். வீட்டில் ரேஸ் பேசுவதற்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள்: "அழுத்திச் சொல்லுங்க, கேக்கலை."

குழு இன்னும் கலையவில்லை. மணலிலிருந்து காரை மீட்டு வந்து, அன்றைய நிகழ்வைப் பரிசீலித்து, 'ஓட்டுநரின் கால்பலக் குறைவு' என்று கண்டறிந்திருக்கிறது. சில பொறாமைக்காரர்கள் தெருவில் வேறு மாதிரி பேசுகிறார்கள். "பாவம், ஒண்ணும் தெரியாதவங்க, தெரியாம செஞ்சுட்டாங்க" என்கிறார்கள். இந்த அவதூறை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. எங்கள் நிபுணர்களைப் பார்த்து ஒன்றும் தெரியாதவர்கள் என்பதா? அந்த வண்டி நிற்காது என்று நான்கு பேருக்கும் நன்றாகத் தெரியும். தெரியாதவள் ஒருத்திதான் இருந்தாள். சாவியை அவளிடம் கொடுத்தார்கள்.